இரண்டு இடத்தில் கேட்கிறவர்

பைலட்டக்கா மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். வஞ்சிரம் இன்றைக்குப் பிடித்ததா என்று விற்கிற அம்மாவிடம் கேட்பார். அந்த அம்மா கடல்மேல் சத்தியம் செய்வார். அக்கா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நாலு கூடை தள்ளி உட்கார்ந்திருக்கும் வேறொருவரிடம் போய், அந்த வஞ்சிரம் எப்போது வந்தது என்று கேட்பார். இரண்டாவது ஆள் சொல்வதைப் பொறுத்துத்தான் பையைத் திறப்பார். காசிமேட்டில் பாதிப் பேர் அவர் தலை தெரிந்ததும் கூடையை மூடிவிடுவார்கள்.

ஆட்டோ வாடகையும் இப்படித்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் இப்படித்தான். நான் சாப்பிட்டேனா என்று என்னிடம் கேட்டுவிட்டு, டீக்கடைக்காரரிடம், "இந்தப் பொண்ணு இன்னாத்த சாப்ட்ச்சு?" என்று கேட்டவர் அவர்.

விம்கோ நகரில், மூடிப்போன ஒரு பழைய தொழிற்சாலையின் கொட்டகையில் எங்கள் ட்ரோன் கம்பெனி இருந்தது. அங்கே ட்ரோனைப் பறக்கவிடுவது அவர் வேலை. அவருக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடாததால் நானும் எழுதவில்லை.

என் அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, முதல் நாள் வேலைக்கு அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். கேட்டில் நின்றிருந்த அக்கா, என்ன படித்திருக்கிறாய் என்றார். சொன்னேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், "நைனா, பொண்ணு இன்னா பட்ச்சிகீது?" என்றார்.

அப்பா திணறிப்போனார். "அது வந்து... கண்ணுக்குத் தெரியாம காத்துல போவுதே, அதப் பத்தின படிப்பும்மா."

"கரீட்டு. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றார் அக்கா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்பா போனதும், என் சர்டிபிகேட்டை நம்பமாட்டீர்களா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உன்ன நம்பாம இன்னா கண்ணு. ஒருத்தர் சொன்னா அது திசை. ரெண்டு பேரு ரெண்டு எடத்துலேந்து சொன்னாத்தான் அது எடம்."

அது எங்கள் தொழிலின் அடிப்படை, எனக்குத் தெரியாதது அல்ல. ஒரு ரேடியோ அலை எங்கிருந்து வருகிறது என்று ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும், அவ்வளவுதான். வேறோர் இடத்துக்குப் போய் இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் ஆள் இருப்பான். ஆனால் அதை மனிதர்கள்மேல் போட்டுப் பார்க்கும் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

ட்ரோனுக்கு முன்னால் அவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதை ஏன் விட்டார் என்பதை ஆபீசில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். மணப்பெண் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கையில் அக்கா கேமராவைப் பிடித்தபடி, "சந்தோஷமா கீறியா?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தார். பெண் சிரித்துத் தலையாட்டியது. எல்லா வீடியோக்காரர்களும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் அக்கா, பெண் கை கழுவப் போன இடத்துக்கும் பின்னாலேயே போய் அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறார். பெண் அழுதிருக்கிறது. அக்கா மண்டபத்துக்கு வந்து, நாற்காலி போட்டு ஏறி, பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

இதை நான் தண்டையார்பேட்டையில் இருக்கும் என் கல்லூரித் தோழியிடமும் கேட்டேன். உண்மைதான் என்றாள். கேட்டு முடித்த பிறகுதான், நானும் இரண்டு இடத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டேன் என்பது உறைத்தது.

அந்த வருடம் மீன்பிடிப் படகுகளின் ஒயர்லெஸ்ஸில் ஒரு தொந்தரவு வந்தது. விடியற்காலையில் ஒரே சீராக ஓர் இரைச்சல் வந்து எல்லோரும் பேசுகிற சேனலை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நின்றுவிடும். யாரோ ஒருவரின் செட்டில் பேசும்போது அழுத்துகிற பொத்தான் அமுங்கியே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் எவர் செட், எங்கே? பக்கத்திலிருந்து வரும் பலமான அலை, தூரத்திலிருந்து வரும் மெலிந்த குரலை முழுசாக விழுங்கிவிடும். கடலில் ஒருவன் உதவிக்குக் கத்தினாலும் கரையில் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். படகுக்காரர் சங்கத்திலிருந்து ஒரு மாமா வந்து, கண்டுபிடித்துத் தரச் சொன்னார். தரையில் நின்று தேடினால் கன்டெய்னர், கிரேன், எண்ணெய் டாங்க் எல்லாவற்றிலும் அலை மோதித் திரும்பி ஆளை ஏமாற்றும். மேலே போனால் அந்தக் குழப்பம் குறையும். அதனால்தான் ட்ரோன். துறைமுகப் பக்கம் பறக்க அனுமதியும் வாங்கினோம்.

எந்த ஆன்டெனாவைக் கட்டுவது என்பது என் பொறுப்பு. முதலில், மொட்டை மாடிகளில் பழைய டிவிக்கு வைத்திருப்பார்களே, அதுபோல மூன்று அலுமினியக் கம்பி வைத்த ஒன்றைக் கட்டினேன். படகுகள் பேசும் அலைக்கு அந்தக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வேண்டும். எண்ணூர்க் காற்றில் ட்ரோன் குடித்தவன்போல ஆடியது. அந்த ஆன்டெனா சத்தம் அதிகமாக வரும் பக்கத்தைக் காட்டும், ஆனால் குத்துமதிப்பாக. பாதித் திருவொற்றியூரையே கைகாட்டும்.

அதைக் கழற்றிவிட்டு ஒரு வளையம் செய்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் செம்புக் கம்பி, எடையே இல்லை. ட்ரோனின் கார்பன் கைகளும் மோட்டார்களும் கெடுக்காதபடி பிளாஸ்டிக் பைப்பில் கீழே தள்ளித் தொங்கவிட்டேன். வளையம் நேர்மாறாக வேலை செய்யும். ட்ரோன் நின்ற இடத்தில் மெல்லச் சுற்றும்போது, வளையம் தன் முழுமுகத்தை அலை வரும் பக்கம் காட்டுகிற அந்த ஒரு நிலையில் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். விழுகிற இடம் கத்தி முனைபோலத் துல்லியமாக இருக்கும். குறை ஒன்றுதான். முன்பக்கமா பின்பக்கமா என்று அது சொல்லாது. கோட்டின் இரண்டு முனையும் அதற்கு ஒன்றுதான்.

அக்காவுக்கு அந்தக் குறைதான் பிடித்துப்போனது.

"அந்தக் கம்பிக்காரன் ஒரே எடத்துல நின்னுகினு அங்க பாருன்னு கைய காட்டறான். அவன எனுக்குப் புடிக்கல. இது பாரு, எனுக்குத் தெரியாது, இன்னோர் எடத்துலயும் கேட்டுக்கோன்னு சொல்லுது. யோக்கியமான பொருளு" என்றார். பிறகு தொங்குகிற வளையத்தைத் தட்டிப் பார்த்து, "ட்ரோனுக்கு வளகாப்பு போட்டுட்ட" என்று கொட்டகை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில நாள்களில் அவருடைய தம்பியின் படகு கரை திரும்பவில்லை.

சாயங்காலம் வரவேண்டிய படகு. மறுநாள் காலைவரை தகவல் இல்லை. அந்தத் தூரத்துக்குப் போன் எடுக்காது, ஒயர்லெஸ் ஒன்றுதான் வழி. அந்த இரவோ, எப்போதும் விடியலில் மட்டும் வந்து போகிற இரைச்சல் நிற்கவே இல்லை. தம்பி கூப்பிடுகிறானா இல்லையா என்று கரையில் ஒருவருக்கும் தெரியாது. இரைச்சலை நிறுத்தினால்தான் தெரியும்.

எண்ணூர்க் கடற்கரைக்குப் போனோம். சங்கத்து மாமா எங்கள் இருவரையும், பெட்டியிலிருந்து வெளியே எடுத்த வளையத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பொம்பளைங்க, ஒரு வளையலு. நல்லா கீது" என்றார். அக்கா கொஞ்சம் தள்ளிப் போனார். ராயபுரத்தில் தனியாக இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மகன் குரலையாவது கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று அந்த வீட்டில் ஒரு பழைய ஒயர்லெஸ் செட்டை வைத்து, மொட்டை மாடியில் ஆன்டெனாவும் நட்டுக் கொடுத்தவர் அக்காதான். அங்கே செட்டில் என்ன கேட்கிறது என்று விசாரித்தார்.

"அம்மா வூட்டு செட்ல ஒரு சத்தமும் இல்லியாம். அமைதியா கீதாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ட்ரோனை ஏற்றினார்.

வளையம் சுற்றியது. என் கையிலிருந்த திரையில் சத்தம் விழுந்தது. கோடு கிட்டத்தட்ட வடக்கு தெற்காகக் கடற்கரையை ஒட்டி ஓடியது. வடக்கு முனை பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குள் போனது. தெற்கு முனை திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று வீடுகளின் மேலே போனது. வீட்டில் யார் ஒயர்லெஸ் வைத்திருப்பார்கள், வடக்கே ஏதோ ஒரு படகுதான் என்று சங்கத்து மாமா முடிவுகட்டி, இரண்டு படகுகளை எடுத்துக்கொண்டு வடக்கே விரைந்தார். அக்கா கிளம்பவில்லை. இன்னோர் இடத்தில் கேட்க வேண்டும் என்றார்.

கொருக்குப்பேட்டைக்கு வந்து, தண்டவாளங்களுக்கு இந்தப் பக்கம் இருந்த திடலிலிருந்து ஏற்றினோம். இரண்டாவது கோடு முதல் கோட்டை ராயபுரத்தில் வெட்டியது. வரைபடத்தைப் பெரிதாக்கினேன். ஒரு தெரு வந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு நின்றதை என் கழுத்தில் உணர்ந்தேன்.

"இன்னோர் எடம் பாக்கலாம்" என்றார்.

"அக்கா, ரெண்டு எடம் பார்த்தாச்சு."

"மூணாவது பாக்கலாம்னேன்."

நான் பயந்துபோனேன். கடலில் அவர் தம்பி இருக்கிறான். பேட்டரி மாற்றி, ட்ரோனை மடித்து, தண்டையார்பேட்டை நெரிசலில் வேனை ஓட்டி இன்னொரு மைதானத்துக்குப் போனோம். மூன்றாவது கோடு வந்தது. அதே தெரு. அப்போதுதான் எனக்கு அந்தப் போன் நினைவுக்கு வந்தது. இந்தக் கரை முழுக்க எல்லா செட்டும் இரைந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு செட் மட்டும் அமைதியாக இருக்கிறது என்றால், இரைச்சல் கிளம்புவதே அதிலிருந்துதான். பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அந்தச் செட்டுக்குக் காது கேட்காது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அக்காவின் அம்மா மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டிருந்தார். படத்துக்குக் கீழே செட். அதன் மைக் மகனின் மடித்த சட்டைக்குள், ஜெபக் குரல் எட்டாதபடி பொதிந்து கிடந்தது. மைக்கைச் சுற்றி ஜெபமாலை, ஒரு மணி சரியாகப் பொத்தானின் மேல் உட்காரும்படி இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த அம்மாவாகவே சொன்னார். மகன் குரல் வருகிற செட்டின் மைக்கில் ஜெபமாலையைச் சுற்றிவைத்துத் தினமும் விடியலில் ஜெபம் செய்வாராம். சுற்றுவது சரியாக அமைந்தால் சிவப்பு விளக்கு எரியுமாம், கரகரப்பெல்லாம் அடங்கிவிடுமாம். மாதா கேட்கத் தொடங்கிவிட்டாள் என்பதற்கு அது அடையாளம். நேற்று மகன் வராததால் அவிழ்க்காமல் இரவெல்லாம் ஜெபித்திருக்கிறார்.

அக்கா குனிந்து, ஜெபமாலையை மெதுவாக, ஒரு மணியும் அறுந்துவிடாமல் அவிழ்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். விளக்கு அணைந்தது. செட் கரகரத்தது. பல படகுகளின் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், மெலிந்து, தொண்டை கட்டிப்போன ஒரு குரல்.

"யாருக்காச்சும் கேக்குதா? வலைக்கயிறு மாட்டி இஞ்சின் நின்னுட்ச்சு. சமையல்காரருக்குக் கை நசுங்கிட்ச்சு. ராத்திரிலேந்து கூவிக்கினுகீறோம். யாருக்காச்சும் கேக்குதா?"

தம்பியின் குரல். "கேக்குதுடா" என்றார் அக்கா. மைக்கை என் பக்கம் நீட்டினார். எங்கே இருக்கிறார்கள், எந்தப் பக்கம் காற்று என்று நான்தான் மைக்கை வாங்கிக் கேட்டேன்.

மதியத்துக்கு மேல் கட்டி இழுத்து வந்தார்கள். எல்லோரும் உயிரோடு வந்தார்கள். படகுச் சமையல்காரரின் வலது கையை எடுக்க வேண்டியிருந்தது. இராத்திரியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். மூன்றாவது இடத்துக்குப் போன நேரம் அதில் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சமையல்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, தனக்குக் கோபம் இல்லை என்றும், தாய் செய்தது அது, அந்த அம்மாவின் காதுக்கு மட்டும் இது போகவே கூடாது என்றும் சொன்னார். சங்கத்து மாமாவும் அப்படியே சொன்னார். துறைமுகம் முழுக்கத் தெரியும், அந்த ஒரு வீட்டைத் தவிர.

அத்தோடு வந்திருக்கலாம். ஆனால் அக்கா பழக்கப்படி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சமையல்காரரின் மனைவியிடம் போனார். "அவருக்குக் கோவம் இல்லங்கறாரு. மெய்யாலுமா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு இல்ல. எனுக்குக் கீது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும், எதையும், இரண்டாவது முறை கேட்டு நான் பார்க்கவில்லை. மீனைச் சொன்ன விலைக்குச் சொன்னபடி நம்பி வாங்கினார். கெட்ட மீனும் வாங்கிவந்தார். நான் சாப்பிட்டேன் என்றால் சரி என்றார். எனக்கு அது தாங்கவில்லை. சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று ஒருவர் சொன்னார். வேறு யாரிடமும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

படகு வந்த அன்று சாயங்காலம் நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. தம்பி சமையல்காரரோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் ராயபுரம் வீட்டு வாசற்படியில் அந்தச் செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி அது பேசவே கூடாது, கேட்க மட்டும் வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போது குனிந்து என் காதில், "வெளக்க மட்டும் வுட்டுடு" என்றார். பொத்தான் அமுங்கினால் அலை போகாது, விளக்கு மட்டும் எரியும்படி கம்பியை மாற்றிப் பற்றவைத்தேன். நான்கு வருடம் படித்த படிப்பில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான்.

மூடியைப் போட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா டம்ளரில் டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"புள்ளைங்க கத்தினது கேக்காம அடைச்சிக்கினு இருந்தானாமே ஒருத்தன். அவன் கையும் அதே மாதிரி போவணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ பட்ச்ச பொண்ணு. நீ சொல்லு கண்ணு. அந்தச் சத்தம் எங்கேந்து வந்துச்சு?"

அக்காவுக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வி எனக்கு முன்னால் எங்கே போய் வந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா உள்ளே சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்து ஒரு ஜாடையாவது காட்டமாட்டாரா என்று காத்திருந்தேன். காட்டவில்லை.

காலையில் எண்ணூரில் போட்ட கோடு எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு இன்னொரு முனை இருந்தது.

"வடக்கம்மா. பழவேற்காட்டுப் பக்கம், கடல்ல" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"அவளும் அதத்தான் சொன்னா" என்று எழுந்து, செட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாதா படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது.